அணு ஆயுதம், சேட்டிலைட், பாலிசி... இத ஒரு வேலையா பண்ண முடியுமா?

கொள்ளிடக்கரை:

வணக்கம் மக்களே, இங்க ரொம்ப நாளா வந்து படிச்சிட்டுப் போற ஆளு, எழுதுறது இதான் முதல் தடவை. எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், திருச்சி. அஸ்ட்ரோபிசிக்ஸ்ல பிஎச்டி போறதுதான் பிளானா இருந்துச்சு. 2024 பிப்ரவரில அமெரிக்காவுல மைக் டர்னர்னு ஒரு எம்பி, நாட்டுக்கு பெரிய ஆபத்து ஒன்னு இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு விவரம் சொல்லாம விட்டாரே, அப்பறம் பாத்தா ரஷ்யா சேட்டிலைட்ட அழிக்கிற அணு ஆயுதம் ஒன்ன டெவலப் பண்ணுதுன்னு நியூஸ் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அத நோண்டப் போய் காஸ்மோஸ் 2553ங்கற ரஷ்ய சேட்டிலைட், 1967 விண்வெளி ஒப்பந்தம், 1962ல அமெரிக்கா விண்வெளில அணுகுண்டு வெடிச்சுப் பாத்த ஸ்டார்ஃபிஷ் பிரைம்னு ஒன்னு மாத்தி ஒன்னு படிச்சு, இதையே முழு நேர வேலையா ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சதுல இருந்து வேற எதுலயும் மனசு நிக்கல.

டிபார்ட்மென்ட்ல கேட்டா அது பொலிட்டிகல் சயின்ஸ்காரங்க சமாச்சாரம்ங்கறாங்க. வீட்ல பேங்க் எக்ஸாம் அப்ளிகேஷன் வாங்கி வெச்சாச்சு. பிசிக்ஸ் படிச்சவங்க இதுக்குள்ள போக முடியுமா, இந்தியாவுல எங்க, வெளிநாட்டுல எங்க, சம்பளம்னு ஒன்னு இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நேரா_சொல்றேன்:

இந்தியாவுல இதுக்கு வேலை கிடையாது. டெல்லில நாலு திங்க் டேங்க், அதுல பாதி ரிட்டயர்டு ஜெனரல், மீதி ரிட்டயர்டு தூதர். பாலிசி மேல ஆசை இருந்தா யுபிஎஸ்சி எழுதி ஐஎஃப்எஸ் போங்க, அங்க உக்காந்து கையெழுத்து போடலாம். ஆராய்ச்சி பண்ணி ரிப்போர்ட் எழுதி யாரு படிக்கிறா?

வியன்னாவாசி:

மேல சொன்னவர் பாதி கரெக்ட், ஆனா மீதி பாதிலதான் நான் சோறு சாப்பிடறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. நானும் பிசிக்ஸ்தான், இப்ப வியன்னால ஒரு சின்ன ஆராய்ச்சி அமைப்புல இருக்கேன், ஆயுதக் கட்டுப்பாடு சரிபார்ப்பு, சேட்டிலைட் பாதுகாப்பு ரெண்டும்தான் என் ஏரியா.

முதல்ல, அணு ஆயுதத்தையும் விண்வெளியையும் ஏன் ஒரே ஆளு படிக்கணும்னு புரிஞ்சுக்கோங்க, இன்டர்வியூல முதல்ல கேக்கறதே இதுதான். அணு ஆயுதத்துக்கு கண்ணு, காது எல்லாமே மேலதான் இருக்கு. ஏவுகணை கிளம்பினதும் அந்த நெருப்போட இன்ஃப்ராரெட் வெளிச்சத்த பாத்து முதல்ல சொல்றது சேட்டிலைட். அதிபர் உத்தரவ நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் கொண்டு போறதுல சேட்டிலைட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. உங்க போன்ல வழி காட்டுற ஜிபிஎஸ் சேட்டிலைட்லயே அணு வெடிப்ப கண்டுபிடிக்கிற சென்சாரும் உக்காந்திருக்கு. 1972ல அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டப்போ, ஒருத்தரோட கண்காணிப்பு சாதனத்துல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சாங்க, சேட்டிலைட்னு பேரே சொல்லாம. எதிராளி ஏவுகணைய மேல இருந்து எண்ண முடியும்ங்கற தைரியத்துலதான் அந்தக் கையெழுத்தே விழுந்துச்சு.

இதோட மறுபக்கம் 1983 செப்டம்பர் 26. சோவியத் எச்சரிக்கை சேட்டிலைட் அஞ்சு ஏவுகணை வருதுன்னு காட்டுச்சு, டியூட்டில இருந்த ஸ்டானிஸ்லவ் பெட்ரோவ் நம்பல, பாத்தா மேகத்து மேல பட்டு தெறிச்ச சூரிய வெளிச்சம். சேட்டிலைட் தப்பா பாத்தாலே இந்தக் கதின்னா, பதட்டமான நேரத்துல அது திடீர்னு பாக்காமலே போச்சுன்னா என்ன நெனைப்பாங்க? சாதாரண சண்டைக்குன்னு ஒரு நாடு எதிராளி சேட்டிலைட்ட குருடாக்குது, ஆனா அதே சேட்டிலைட் அணு எச்சரிக்கைக்கும் பயன்படுது, அவன் இத அணு தாக்குதலுக்கு முன்னோட்டம்னு எடுத்துக்கறான். கார்னகிங்கற அமெரிக்க திங்க் டேங்க்ல இருக்கற ஜேம்ஸ் ஆக்டன் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா எழுதறது இந்தச் சிக்கலப் பத்திதான். அவரும் பிசிக்ஸ் பிஎச்டி தான், கேம்பிரிட்ஜ்.

அஸ்ட்ரோபிசிக்ஸ்னு சொன்னீங்கல்ல, லாரா கிரேகோனு தேடிப் பாருங்க. கால்டெக்ல பிசிக்ஸ் பிஎச்டி, அப்பறம் ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன்ல வானியல் போஸ்ட்டாக், 2002ல யூனியன் ஆஃப் கன்சர்ன்ட் சயின்டிஸ்ட்ஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானிகள் அமைப்புல சேர்ந்தவங்க. ஏவுகணைத் தடுப்பு எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாது, சேட்டிலைட்ட அடிச்சா என்ன நடக்கும்னு கணக்கு போட்டு எழுதறதுதான் வேலை. அவங்களும் டேவிட் ரைட், லிஸ்பெத் கிரான்லண்டும் சேர்ந்து 2005ல விண்வெளிப் பாதுகாப்புக்கு ஒரு பிசிக்ஸ் கையேடு எழுதினாங்க, இலவசம், உங்க லெவலுக்கு ஒரு வாரத்துல முடிச்சிடலாம். அதுல இருக்கற கணக்கு ஒன்னு விடாம போட்டுப் பாருங்க.

இப்ப காசு. இத யாரும் வெளில பேசறதில்ல. நிறைய வேலை அறக்கட்டளை மானியத்துலதான் ஓடுது, ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு கான்ட்ராக்ட், முடிஞ்சா அடுத்த மானியம் தேடணும். இந்தத் துறைக்கு ரொம்ப அதிகமா பணம் குடுத்துட்டிருந்த மெக்கார்தர் பவுண்டேஷன் 2021ல நாங்க வெளியேறப் போறோம்னு அறிவிச்சுது, அந்த அதிர்ச்சி இன்னும் தீரல. கலிபோர்னியா மாண்டரேல மிடில்பரி நடத்துன மாஸ்டர்ஸ் படிப்பு இந்தத் துறைக்கே நாத்தங்கால் மாதிரி இருந்துச்சு, அதையும் மூடப் போறதா 2025ல சொல்லிட்டாங்க. அதனால யாராவது ஆஹா ஓஹோன்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா பட்டினி கிடக்கறோம்னும் இல்ல, வாடகை குடுத்து மீதி வீட்டுக்கும் அனுப்பறேன்.

கடைசியா முக்கியமானது, இத யோசிக்காம உள்ள வந்து பாதில முழிச்சவங்கள பாத்திருக்கேன். ரகசியத்துக்கு உள்ள இருக்கப் போறீங்களா வெளிய இருக்கப் போறீங்களான்னு சீக்கிரமே முடிவு பண்ணுங்க. உள்ள போனா எல்லாம் தெரியும், எழுத முடியாது. வெளிய இருந்தா கொஞ்சம்தான் தெரியும், ஆனா சத்தமா பேசலாம். அமெரிக்க அரசு லேப்ல கிளியரன்ஸ் வேணும்ங்கற வேலை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கிடைக்காது, ஆக நமக்கு பாதி முடிவ அவங்களே எடுத்துடறாங்க. நீங்க கேட்டதுக்கு நேரடி பதில்: பிசிக்ஸ் படிச்சவங்க போகலாம், போகணும்.

நேரா_சொல்றேன்:

@வியன்னாவாசி கொஞ்சம்தான் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அந்த ரிப்போர்ட்டுக்கு என்ன மதிப்பு? ஜெனரல் கையில இருக்கற படம் உங்ககிட்ட இல்ல.

வியன்னாவாசி:

பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா சரின்னு சொல்லிருப்பேன். 2021ல சீனா கான்சு மாகாணத்துல யூமென் பக்கத்துப் பாலைவனத்துல நூத்துக்கும் மேல ஏவுகணைக் குழி தோண்டறத உலகத்துக்கு சொன்னது எந்த ராணுவமும் இல்ல. மாண்டரேல இருந்த ஜெஃப்ரி லூயிஸும் டெக்கர் எவலெத்தும் பிளானட் கம்பெனியோட வணிக சேட்டிலைட் படத்த வெச்சு கண்டுபிடிச்சாங்க. தோண்டற இடத்து மேல கூடாரம் போட்டு மூடிருந்தாங்க, ஒரே அளவு, ஒரே இடைவெளி, அந்த ஒழுங்கே காட்டிக் குடுத்துடுச்சு. கொஞ்ச நாள்ல ஃபெடரேஷன் ஆஃப் அமெரிக்கன் சயின்டிஸ்ட்ஸ்ல மேட் கோர்டாவும் ஹான்ஸ் கிறிஸ்டென்சனும் ஹாமி பக்கம் இதே மாதிரி குழி தோண்டற இன்னொரு இடத்த கண்டுபிடிச்சாங்க. அமெரிக்க ராணுவத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், இருக்கட்டும், ஆனா அவங்க நமக்கு சொல்ல மாட்டாங்களே. உலகத்துல எந்த நாட்டுகிட்ட எத்தன குண்டு இருக்குன்னு நீங்க பேப்பர்ல படிக்கிற கணக்குல பெரும்பகுதி கிறிஸ்டென்சன் டீம் போடறதுதான்.

ரிட்டயர்டு_ஆள்:

தம்பி, கல்பாக்கம் பக்கம் அரசு வேலைல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து வந்தவன், என்ன வேலைன்னு கேக்காதீங்க. வியன்னாக்காரர் சொன்ன உள்ள வெளிய சமாச்சாரம் நூத்துக்கு நூறு உண்மை. அதிகார ரகசியச் சட்டம் 1923ல வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் உசுரோட இருக்கு. உள்ள சேர்ந்துட்டு சனி ஞாயிறுல கட்டுரை எழுதலாம்னு கனவு கூட காணாதீங்க.

ஆனா வெளில இருக்கறவங்க ஒன்னு பண்றதில்ல, ஏற்கனவே அச்சுல இருக்கறதையே முழுசா படிக்கறதில்ல. எங்க ஏரியாவுல கட்டுன 500 மெகாவாட் வேக ஈனுலைய சர்வதேச அணுசக்தி முகமை கண்காணிக்கிறதில்ல, கூடங்குளத்த கண்காணிக்குது. ரெண்டும் ஒரே தமிழ்நாட்டுலதான் இருக்கு, ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டா டிவில பேசற நிபுணரே முழிக்கறார். இது ஒன்னும் ரகசியம் இல்ல, அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்துக்காக 2006ல பார்லிமென்ட்ல வெச்ச பிரிப்புத் திட்டத்துல எது முகமை கண்காணிக்கற சிவில் உலை, எது இல்லன்னு பட்டியல் போட்டு இருக்கு. வேக ஈனுலை அணுகுண்டுக்கும் ஆகற புளுட்டோனியத்த உண்டாக்கும், அதனால வெளிநாட்டுல உக்காந்து இந்தியாவோட கையிருப்ப கணக்கு போடறவன் எல்லாம் அத ஒரு கண்ணு பாத்துட்டே இருக்கான். அந்தக் கணக்க தமிழ்நாட்டுல பிசிக்ஸ் படிச்ச ஒருத்தர் போட்டா என்ன கெட்டுப் போச்சு?

திருச்சின்னு சொன்னீங்க, கே. சுப்ரமணியம் யாருன்னு தெரியுமா? உங்க ஊர்ல பொறந்தவர், 1929. மெட்ராஸ் பிரசிடென்சில கெமிஸ்ட்ரி, 1951 பேட்ச் ஐஏஎஸ், டெல்லில பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஐடிஎஸ்ஏவ வளத்து விட்டவர். இந்தியா முதல்ல அணு ஆயுதம் பிரயோகிக்காதுன்னு 1999ல வந்த வரைவு கொள்கை அவர் தலைமைல இருந்த குழு எழுதினது. பத்ம பூஷண் குடுத்தப்போ வேணாம்னுட்டார். இப்ப வெளியுறவு மந்திரியா இருக்கறது அவர் பையன். கெமிஸ்ட்ரி படிச்சவர் நாட்டோட அணுக் கொள்கைய எழுதும்போது உங்க டிபார்ட்மென்ட்ல பொலிட்டிகல் சயின்ஸ்காரன் வேலைன்னு சொல்றாங்களா, சொல்லட்டும்.

இந்தியாவுல இடம்னா ஐடிஎஸ்ஏ, பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்துக்குள்ள இருக்கற நியாஸ், இது ஜேஆர்டி டாடா ஆரம்பிச்சது, ராஜா ராமண்ணா முதல் இயக்குநர், சயின்ஸ் படிச்சவங்கள மதிப்பாங்க, ஏவுகணை, விண்வெளி ரெண்டுலயும் டெக்னிக்கலா ரிப்போர்ட் வந்திருக்கு. சென்னை யுனிவர்சிட்டிலயே பாதுகாப்புத் துறை படிப்பு ஒன்னு இருக்கு, பக்கத்துலயே இருக்கறத யாரும் கண்டுக்கறதில்ல.

கொள்ளிடக்கரை:

சார் ரொம்ப நன்றி, கே. சுப்ரமணியம் திருச்சின்னு எனக்கு தெரியவே தெரியாது. ஒரே ஒரு திருத்தம், தம்பி இல்ல சார், பொண்ணு 😄

ரிட்டயர்டு_ஆள்:

சரிம்மா. அப்ப வியன்னாக்காரர் அந்த ஸ்காலர்ஷிப் பத்தி சொல்லணுமே.

வியன்னாவாசி:

சொல்றேன். இங்க வியன்னால இருக்கற சர்வதேச அணுசக்தி முகமை 2020ல மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி பேர்ல பெண்களுக்குன்னு ஒரு ஃபெலோஷிப் ஆரம்பிச்சுது. மாஸ்டர்ஸ் படிப்புக்கு, அணுப் பாதுகாப்பு, பரவல் தடுப்பு, அணுச் சட்டம் எல்லாம் சேத்தி. படிப்புக்கு வருஷத்துக்கு 10,000 யூரோ வரைக்கும், தங்கற செலவுக்கு அதே அளவு, அதிகபட்சம் ரெண்டு வருஷம், முடிச்சதும் இன்டர்ன்ஷிப்புக்கும் உதவி பண்றாங்க. உங்களுக்கு இது ரெண்டாவது மாஸ்டர்ஸ் ஆகும், தகுதி விதிய வரிக்கு வரி படிச்சிட்டு போடுங்க. இன்னொன்னு, ஐநா செயலகத்து இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளம் கிடையாது, நியூயார்க், ஜெனீவால சொந்தக் காசுல ஆறு மாசம் இருக்க முடியறவங்களுக்குத்தான் அந்தக் கதவு தொறக்குது. முகமைல ஸ்டைபெண்ட் உண்டு. அதனால வியன்னா வழிய பாருங்க.

மட்டுநகரான்:

கொஞ்சம் பிந்தித்தான் இந்தத் திரியைப் பார்த்தனான். எல்லாரும் பிசிக்ஸ் பிசிக்ஸ் எண்டு சொல்லுறியள், நான் சட்டம் படிச்சவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிப்போட்டுப் போறன்.

1967 ஒப்பந்தத்தின்ட நாலாம் உறுப்புரையை எடுத்து வாசியுங்கோ தங்கச்சி, ஒரு பக்கம் கூட வராது. பூமியைச் சுத்துற பாதையில அணு ஆயுதத்தை வைக்கக் கூடாது எண்டு இருக்கு. ஆனா கண்டம் விட்டுக் கண்டம் பாயுற ஏவுகணை விண்வெளிக்குள்ளால போய் வாறதுக்குத் தடை இல்லை. சாதாரண ஆயுதத்தைப் பாதையில வைக்கிறதுக்கும் தடை இல்லை. நிலத்தில இருந்து சுட்டு சேட்டிலைட்டை உடைக்கிறதைப் பற்றிக் கதையே இல்லை. இந்த ஓட்டைக்குள்ளதான் 2007ல சீனா, 2008ல அமெரிக்கா, 2019ல இந்தியா, 2021ல ரஷ்யா எல்லாரும் பூந்து வெளிக்கிட்டவை. இதை அடைக்கிறதுக்கு எழுதுற ஒவ்வொரு வசனத்துக்கும் சண்டை. ஆயுதத்தையே தடை செய்யோணும் எண்டு ரஷ்யாவும் சீனாவும் 2008ல ஒரு வரைவு குடுத்தவை, ஆனா நிலத்தில இருந்து சுடுற ஆயுதத்தைச் செய்யிறதும் வைச்சிருக்கிறதும் அதில வராது. அமெரிக்கா, ஆயுதம் எண்டா என்ன எண்டு வரையறுக்க ஏலாது, செய்யிற செயலைத்தான் கட்டுப்படுத்தோணும் எண்டு நிக்குது. 2022 கடைசியில, உடைக்கிற சோதனையைச் செய்யாதேங்கோ எண்டு ஐநா பொதுச்சபையில தீர்மானம் வந்தது, 155 ஆதரவு, 9 எதிர்ப்பு, 9 நடுநிலை. இந்தியா நடுநிலை. ஏன் நடுநிலை எண்டு ஒரு நல்ல கட்டுரை தமிழில இதுவரைக்கும் நான் பாக்கேல்ல. பிறகு 2024 ஏப்ரலில, விண்வெளியில அணு ஆயுதம் வைக்கமாட்டம் எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ எண்டு அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டு போன தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ போட்டு விழுத்தினது, சீனா நடுநிலை, மற்ற 13 பேரும் ஆதரவு.

சின்ன நாட்டுக்காரர் இதில என்ன செய்யேலும் எண்டு நினைக்காதேங்கோ. விண்வெளியில ஆயுதப் போட்டியைத் தடுக்கிறது எண்டு வருசா வருசம் பொதுச்சபைக்கு வாற தீர்மானத்தை நெடுங்காலமா மாறி மாறிக் கொண்டு வந்தது எகிப்தும் இலங்கையும்தான். ஜயந்த தனபால எண்ட இலங்கை இராஜதந்திரிதான் 1995 அணுப்பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர், அந்த ஒப்பந்தம் காலவரையறை இல்லாமல் நீண்டது அங்கதான். ஜெனீவாவில ஐநாவின்ட ஆயுதக்குறைப்பு ஆய்வு நிறுவனத்துக்குப் பணிப்பாளரா இருந்திருக்கிறார், பிறகு 1998ல இருந்து 2003 வரைக்கும் ஐநாவில ஆயுதக்குறைப்புக்கான துணைச் செயலாளர் நாயகம். எங்கட நாட்டு அரசியலில எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு, அது வேற கதை, ஆனா இந்த மனுசன்ட வேலையை மதிக்கிறன்.

ஜெனீவா ஆயுதக்குறைப்பு மாநாட்டில 65 நாடு, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். 1996க்குப் பிறகு அங்க இருந்து ஒரு ஒப்பந்தமும் வெளிக்கிடேல்ல. இதைத் தாங்குற பொறுமை இருந்தா மட்டும் வாங்கோ.

நேரா_சொல்றேன்:

முப்பது வருஷமா ஒன்னும் நடக்கல. அதான் முதல்ல இருந்து சொல்லிட்டிருக்கேன் 🙏

மட்டுநகரான்:

நடக்காததுக்குள்ள நடந்ததும் இருக்கு. 1978ல கொஸ்மொஸ் 954 எண்ட சோவியத் சேட்டிலைட் அணு உலையோட கனடாவில விழுந்து சிதறினது, 1972ல எழுதின பொறுப்புடைமை ஒப்பந்தம் இருந்தபடியால் கனடாவால காசு கேக்க ஏலுமா இருந்தது. கேட்டது 6 மில்லியன் டொலர், கிடைச்சது 3 மில்லியன். ஒப்பந்தம் இல்லாட்டி யாரிட்டப் போய்க் கேக்கிறது?

கொள்ளிடக்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல, எல்லாருக்கும் நன்றி. பேங்க் எக்ஸாமும் எழுதிடறேன், அம்மாவுக்காக, மத்தபடி அந்த 2005 கையேட்ட டவுன்லோட் பண்ணி ஆரம்பிச்சுட்டேன். அதுலயே ஒரு டவுட். 2019 மார்ச் 27 மிஷன் சக்தி சோதனைல நாம அடிச்ச நம்ம சேட்டிலைட் மைக்ரோசாட்-ஆர் 280 கிலோமீட்டர் சொச்சத்துலதான் இருந்துச்சு, கீழ இருக்கறதால 45 நாள்ல துண்டெல்லாம் விழுந்துடும்னு டிஆர்டிஓ சொன்னாங்க. ஆனா நாசா தலைவர் பிரைடன்ஸ்டைன் 24 துண்டு ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கும் மேல போயிடுச்சுன்னு சொன்னார். கீழ இருந்தத அடிச்சா துண்டு எப்படி மேல போகும்? யார் சொல்றது சரி?

வியன்னாவாசி:

இத்தன பேர் எழுதினதுல நல்ல கேள்வி இதான். பிரைடன்ஸ்டைன் சொன்னது சரி, டிஆர்டிஓ சொன்னது நெறைய துண்டுக்குத்தான் சரி, எல்லாத்துக்கும் இல்ல.

அந்த உயரத்துல சேட்டிலைட் வேகம் செகண்டுக்கு 7.7 கிலோமீட்டர். மோதினதும் துண்டெல்லாம் நாலா பக்கமும் தெறிக்கும், சிலதுக்கு வேகம் குறையும், அது உடனே விழுந்துடும். சிலதுக்கு போற திசைலயே வேகம் கூடும். செகண்டுக்கு 100 மீட்டர் கூடினா போதும், சுத்துப்பாதையோட எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் மேல ஏறிடும். 280ல இருந்தது அந்தப் பக்கம் 620ஐ தொடும், ஸ்பேஸ் ஸ்டேஷன் இருக்கறது 400 சொச்சம். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் மோதின உயரத்துக்கே திரும்ப இறங்கி வரணும், அங்க காத்து உரசி வேகத்த பிடுங்கும், மேல் முனை கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். லேசான தகடு சீக்கிரம் வந்துடும், கனமான சின்ன துண்டு லேட்டாகும். 2019 சூரியன் அடங்கியிருந்த வருஷம் வேற, மேல் வளிமண்டலம் சுருங்கி இருந்துச்சு, உரசல் இன்னும் கம்மி. அதனால நெறைய துண்டுக்கு 45 நாள் பொருந்துச்சு, சிலது ஒரு வருஷத்துக்கும் மேல சுத்திட்டுதான் விழுந்துச்சு. 2007ல சீனா அடிச்சது 860 கிலோமீட்டர் வாக்குல, அங்க உரசறதுக்கு காத்து ரொம்பக் கம்மி, மூவாயிரத்துக்கும் மேல துண்டு, பெரும்பகுதி இன்னும் மேலதான் இருக்கு.

ஸ்பேஸ்-டிராக்ல இலவசமா அக்கவுண்ட் போடுங்க, மைக்ரோசாட்-ஆர் துண்டுகளோட பழைய சுத்துப்பாதை டேட்டா எல்லாம் கிடைக்கும். பைத்தான் தெரியும்ல? ஒவ்வொரு துண்டுக்கும் மேல் முனை கீழ் முனை ரெண்டையும் நாள் வாரியா பிளாட் போட்டு, 45 நாள்ங்கற கணக்கு எதுக்கு பொருந்துச்சு எதுக்கு பொருந்தலன்னு நாலு பக்கம் எழுதுங்க, இங்கிலீஷ்ல ஒன்னு தமிழ்ல ஒன்னு. எல்லா இடத்துலயும் அப்ளிகேஷனோட நீங்க எழுதின கட்டுரை ஒன்னு சாம்பிளா கேப்பாங்க, அதையே அனுப்பலாம். முதல் டிராஃப்ட் எனக்கு மெசேஜ்ல போடுங்க, சிவப்பு பேனாவோட பாத்துத் தரேன்.

ரிட்டயர்டு_ஆள்:

தமிழ்ல எழுதறத எனக்கும் அனுப்பும்மா. டேட்டா எங்க இருந்து எடுத்தன்னு ஒவ்வொரு படத்துக்கு கீழயும் போட்டுடு, பின்னாடி எவனும் கேள்வி கேக்கக் கூடாது.